மாறாது எனக் கொள்க

பதினான்கு மில்லி. நேற்று இதே நேரத்துக்குப் பதினெட்டு இருந்தது. அதற்கு முந்தின நாள் இருபத்திரண்டு. பீய்ச்சி எடுத்த தாய்ப்பால் இருந்த, மூடி போட்ட சின்ன எவர்சில்வர் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரியின் இரண்டாம் மாடியிலிருந்து படி இறங்கிக்கொண்டிருந்த ஆறுமுகநயினார், எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணிக்கொண்டிருந்தான். பதின்மூன்று வருஷமாகப் பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் அளவு எழுதுகிற வியாதி. நாலு நாலாகக் குறைகிறது, அப்படியானால் நாளைக்குப் பத்து, நாளைக் கழித்து ஆறு, அதற்கப்புறம், இல்லை, நேர்கோடாகத்தான் இறங்க வேண்டும் என்று என்ன இருக்கிறது, வளைந்து மேலே ஏறவும் ஏறலாம், இரண்டு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு இழுக்காதீர்கள் என்று பிள்ளைகளிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறான், ஆனால் இது மூன்று புள்ளி ஆயிற்றே. மனைவி செண்பகவல்லிக்குக் காய்ச்சல் விட்டபாடில்லை. ஆபரேஷன் தையலில் ஓரிடத்தில் சீழ் பிடித்துவிட்டது. காய்ச்சல் நிற்கிறவரை கீழே பிள்ளைகள் இருக்கும் அறைக்குள் அவளை விட மாட்டார்கள். பெற்றுப் பதினாறு நாளாகிறது, அவள் தன் பிள்ளையைப் பார்த்தது ஒரே ஒரு தடவை, அதுவும் ஆபரேஷன் மேஜையில் மயக்கமும் தெளிவுமாகக் கிடந்தபோது, யாரோ ஒரு நர்ஸ் ஒரு துண்டைக் காட்டிவிட்டு ஓடினாளாம், துண்டுக்குள் செக்கச்செவேலென்று ஏதோ இருந்ததாம், முகம் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியவில்லையாம். அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது, ரத்தக்கொதிப்பு மளமளவென்று ஏறி, தலை வலிக்குது கண்ணு மசங்குது என்று அவள் சொன்ன மூன்றாவது மணி நேரத்தில் கத்தி வைத்து எடுத்துவிட்டார்கள். ஆயிரத்து அறுபது கிராம். கீழே பிள்ளை, மேலே தாய், நடுவே நாற்பத்தாறு படி, ஒரு நாளைக்கு எட்டுத் தடவை ஏறி இறங்குகிற இவன்.

போகும்போது பாலும் வரும்போது செய்தியும் கொண்டுவருவதுதான் இவன் வேலை. பால் சரியாகப் போய்ச் சேர்ந்துவிடும். செய்திதான் சரியாக வருவதில்லை. எப்படி இருக்கா என்று அவள் கேட்பாள். நல்லா இருக்கா என்று இவன் சொல்லுவான். இன்றைக்குக் காலையில் அவளுக்குக் கோபமே வந்துவிட்டது. "நல்லா இருக்கான்னா? போஸ்ட் கார்டுல எழுதுத மாதிரியில்லா சொல்லுதிய. நலம், நலமறிய அவா." போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கிறவள், அவளுக்கு அந்த உவமைதான் வரும். என்ன சொல்லுவது. கை எவ்வளவு நீளம் என்றால் இவனுடைய நடுவிரல் நீளம் என்று சொல்லலாம். தோலுக்கு அடியில் நரம்பு தெரிகிறது என்று சொல்லலாமா, கூடாது. மூக்கில் ஒரு குழாய் போகிறது, அது ஏற்கெனவே தெரியும். தூங்கும்போது ஏதோ ஞாபகம் வந்ததுபோலப் புருவத்தைச் சுருக்குகிறாள், அது அப்படியே உன் புருவம், இதைச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை, படியில் பாதி இறங்கிய பிறகுதான் வாயில் வருகிறது. சொல்லாதது அது ஒன்று மட்டுமல்ல. "என்ன, வெள்ளனவே குளிச்சாச்சு? தீவாளிச் சட்டை வேற?" என்று அவள் கேட்டபோது, "பழசு அழுக்காயிட்டு" என்றான். அழுக்கெல்லாம் இல்லை. நேற்று சாயங்காலம் கீழே மரியபுஷ்பம் சிஸ்டர் கண்ணாடிக் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டிச் சொன்னார்கள்: "சார், நாளைக்குப் பிள்ளை எடை ஆயிரத்து நூறு தாண்டிட்டுன்னா வெளிய எடுத்து நெஞ்சோட போட்டு வச்சிரலாம்னு டாக்டர் சொல்லிட்டாவ. கங்காரு மாதிரி. உடம்போட உடம்பா இருந்தாத்தான் பிள்ளை தேறும். அம்மாவுக்குத்தான் காய்ச்சல் விட மாட்டேங்கே, நீங்க வாங்க. குளிச்சிட்டு, முன்னால பட்டன் வச்ச சட்டையாப் போட்டு வாங்க. சென்ட் கிண்ட் அடிச்சிராதிய." அப்போதிலிருந்து இவன் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதித்துக்கொண்டும் குறுகிக்கொண்டும் இருக்கிறது. முதல் தடவை. அது அவளுடையது இல்லையா. ஏழு மாதம் சுமந்தவள் மேலே மூக்கால் காய்ச்சல் மூச்சு விட்டுக்கொண்டு கிடக்க, ஒன்றுமே செய்யாதவன் போய் முதலில் வாங்கி வைத்துக்கொள்வதா. எடை தாண்டாமல் போனால் சொல்ல வேண்டியதே இருக்காது என்று ஒரு கணம் தோன்றியது, தோன்றிய உடனே படியில் நின்றுவிட்டான், சீ, எடை தாண்டக் கூடாது என்றா நினைத்தேன், நான் நினைக்கவில்லை, அது தானாக வந்தது, தாண்டட்டும், தாண்டட்டும், நூற்றைம்பதுகூடத் தாண்டட்டும்.

கதவிடுக்கு வழியாகக் கிண்ணத்தை ஒரு கை வாங்கிக்கொண்டது. இனிக் கூப்பிடும்வரை நீல நாற்காலி. பத்து மணிக்கு எடை பார்ப்பார்கள், பத்தரைக்குக் கூப்பிடுவார்கள். மணி பத்து பத்து. பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கயத்தாற்றுப் பக்கத்திலிருந்து வந்த ஒருத்தர், பச்சைத் துண்டு போட்டிருப்பார், பத்து நாளாக அங்கேதான் உட்கார்ந்திருந்தார், பொட்டலத்தைப் பிரித்து இந்தாங்க சார் கடலை என்று நீட்டுவார், முந்தாநாள் மத்தியானம் அவரைக் கூப்பிட்டார்கள், உள்ளே போனார், அப்புறம் ஒரு கை வந்து அவருடைய பையை எடுத்துக்கொண்டு போனது. பிள்ளை தேறி வீட்டுக்குப் போனாரா, இல்லை மற்றதா, இவனுக்குத் தெரியாது. கேட்டால் ஒரே வார்த்தையில் பதில் கிடைத்துவிடும். அதனால்தான் கேட்கவில்லை. கேட்காதவரை அவர் தேறிய பிள்ளையோடு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போய்க்கொண்டே இருக்கலாம். கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தால் மூன்றாவது வரிசையில் அந்தப் பெட்டி தெரியும், உள்ளே அவள் தெரிய மாட்டாள், பெட்டியில் ஒட்டிய தாள் தெரியும். செண்பகவல்லியின் பெண் குழந்தை, பிறந்த தேதி, எடை. பேர் வைக்கும் முன்னே இங்கே எல்லாப் பிள்ளைக்கும் தாய் பேர்தான். இவன் பேர் அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று இல்லை, யாரும் அதைக் குறையாகவும் நினைக்க மாட்டார்கள், ஆனாலும் ஒவ்வொரு தடவை வாசிக்கும்போதும் கண் அந்த வரி முடிந்த இடத்தில் ஒரு நொடி நிற்கிறது, அடுத்து ஏதோ வரப்போவதுபோல. பெட்டி என்று சொல்லக் கூடாது என்பார் மாமியார். இன்குபேட்டர் என்று அவருக்கு வாயில் வராது, கண்ணாடி வீடு என்று சொல்லிக்கொண்டார். ஏன் சொல்லக் கூடாது என்று இவனுக்குத் தெரியும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் அப்பாவை வைத்திருந்ததும் கண்ணாடிப் பெட்டிதான், துபாயிலிருந்து அண்ணன் வரும்வரை ஒன்றரை நாள், அதுவும் இதேபோல ஓயாமல் ஒரு முனகல் முனகிக்கொண்டிருந்தது. அது குளிர வைக்கிற பெட்டி, அதனால் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் தண்ணீர் கோத்திருந்தது, யார் யாரோ துண்டால் துடைத்துத் துடைத்து அப்பா முகத்தைப் பார்த்தார்கள். இது சூடாக வைத்திருக்கிற பெட்டி, இதில் உள்பக்கம்தான் ஆவி படிகிறது. துடைக்க முடியாது. எது எது எந்தப் பக்கம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, சாவதும் பிழைப்பதும்கூட.

எந்தப் பக்கம் என்பதுதான் இவன் நடத்துகிற பாடத்தின் முதல் வரியும். எதைப் பற்றிப் பேசப் போகிறோமோ அது அமைப்பு, அதைத் தவிர்த்த மற்ற எல்லாமே சூழல், இரண்டுக்கும் நடுவில் ஓர் எல்லை, அது சுவராகவும் இருக்கலாம், மனசுக்குள் இழுத்த கோடாகவும் இருக்கலாம், எங்கே இழுப்பது என்பது நம் சௌகரியம். வருஷாவருஷம் கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே அமைப்பு என்றும் வெளியே சூழல் என்றும் எழுதுவான். வெப்பமும் பொருளும் போகவர இருந்தால் திறந்த அமைப்பு, வெப்பம் மட்டும் போகவர இருந்தால் மூடிய அமைப்பு, ஒன்றுமே போகாவிட்டால் தனித்த அமைப்பு, தனித்த அமைப்பு என்று உண்மையில் உலகத்தில் எதுவும் கிடையாது, பிளாஸ்கில் ஊற்றிய காப்பியும் ஆறத்தான் செய்யும். ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பாடக்குறிப்பு எழுதிக்கொண்டிருந்தபோது செண்பகவல்லி வெங்காயம் உரித்துக்கொண்டே அந்தப் படத்தை எட்டிப் பார்த்தாள். அப்போது மூன்றாம் மாதம். முன்னால் இரண்டு தடவை கலைந்திருந்ததால் இந்தத் தடவை யாரிடமும் சொல்லவில்லை, ஒருவருக்கொருவர்கூட அதிகம் பேசிக்கொள்ளவில்லை. "உள்ள அம்புக்குறி, எழுத்து எல்லாம் போட்டிருக்கிய, வெளிய சூழல்னு ஒரு வார்த்தைய மட்டும் எழுதிட்டு விட்டுட்டியளே. அம்புட்டுப் பெரிய இடத்துக்கு ஒரு வார்த்தைதானா?" என்றாள். "வெளிய என்ன இருந்தா நமக்கென்ன. அது ரொம்பப் பெருசு. உள்ள என்ன நடந்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. அறை வெப்பநிலை மாறாது எனக் கொள்க அப்படின்னு கணக்குலயே போட்டிருக்கும்" என்றான் இவன். "காப்பி ஆறுனா அந்தச் சூடு வீட்டுக்குத்தான போகுது. வீடு கொஞ்சம் சூடாகும்லா?" "ஆகும். அளக்க முடியாது." "அளக்க முடியலன்னா ஆகலன்னு ஆயிருமா?" இவன் சிரித்தான். வட்டத்தை இன்னொரு தடவை அழுத்தி வரைந்தான். மாறாது எனக் கொள்க. என்ன அழகான வார்த்தை அந்தக் கொள்க, கடைக்காரன் கொசுறு தருவதுபோல, இதையும் வைத்துக்கொள், இருக்கட்டும், கணக்கு சுலபமாகிவிடும்.

அப்படித்தான் இவனும் வைத்துக்கொண்டிருந்தான். வட்டம் அவளைச் சுற்றி. அதற்குள்ளே ஒரு சின்ன வட்டம். இவன் வெளியே. மாதுளம்பழம் வாங்கிக்கொண்டு வருகிறவன், மாத்திரைக்கு மணி பார்க்கிறவன், பள்ளம் கண்டால் வண்டியை உருட்டிக்கொண்டே போகிறவன். உள்ளே நடப்பது இவனுக்கு நடப்பதாகாது. ஆறாம் மாதத்தில் ஒரு காலை நேரம், இவன் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பி வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தபோது உள்ளேயிருந்து கூப்பிட்டாள், "என்னங்க, சீக்கிரம், உதைக்கா, வந்து கை வைங்க." கையில் வண்டிச் சாவி, மற்றக் கையில் செருப்புத் தூசி, வேட்டித் தலைப்பில் துடைத்துக்கொண்டு ஓடி வந்து வைத்தான். நின்றுவிட்டது. அவள் இவன் கையை இங்கே இல்லை இங்கே என்று நகர்த்தி நகர்த்தி வைத்தாள். சேலைக்கு அடியில் சூடும் ஒரு இறுக்கமும் தெரிந்தது, வேறொன்றும் தெரியவில்லை. ஒரு நிமிஷம் நின்றான், இரண்டு நிமிஷம் நின்றான், முதல் பெல் அடித்துவிடுமே என்று கையை எடுத்தான். "இன்னும் கொஞ்சம் பொறுங்களேன்" என்றாள். "சாயங்காலம் பாப்போம்" என்றான். சாயங்காலம் உதைக்கவில்லை. அடுத்த நாள் இவன் கேட்கக் கூச்சப்பட்டான். அதற்கு அடுத்த நாளும். இன்னும் ஒரு நிமிஷம் நின்றிருந்தால், பெல் அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும் என்று, அரை நிமிஷம்தான், அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தட்டு, உள்ளங்கையில் ஒரே ஒரு தட்டு கிடைத்திருந்தால், இந்தப் பதினாறு நாளும் நாற்காலியில் இப்படி வழிப்போக்கன் மாதிரி உட்கார்ந்திருக்க வேண்டியிருக்காது என்று இவனுக்கு ஏனோ தோன்றியது. ஏக்கம் என்பது நெஞ்சில் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தான். அது உள்ளங்கையில் இருந்தது. அரிப்பதுபோல. விரலை மடக்கினான், விரித்தான்.

"செண்பகவல்லி அட்டெண்டர்!" என்று கூப்பிட்டார்கள். பழக்கமில்லாத குரல். எழுந்து நின்றான். பத்தே காலுக்கே எதற்குக் கூப்பிடுகிறார்கள், பத்தரைக்குத்தானே, பச்சைத் துண்டுக்காரரையும் இப்படித்தான் நேரம் இல்லாத நேரத்தில், பை நாற்காலிக்கு அடியில் இருக்கிறது, எடுத்துக்கொள்வதா வேண்டாமா. கதவு திறந்தது. மரியபுஷ்பம் சிஸ்டர். முகக்கவசத்துக்கு மேலே கண் சிரிக்கிறதா என்று இவன் பார்த்தான்.

"என்ன சார், பேயறைஞ்ச மாதிரி நிக்கிய? ஆயிரத்து நூத்திப் பத்து. பாஸ்!"

"நூத்திப் பத்தா?"

"ஒங்க மக பத்து மார்க் கூடவே எடுத்திருக்கா. வாங்க, வாங்க. கை கழுவுங்க, முழங்கை வரைக்கும்."

கழுவினான். தண்ணீர் சில்லென்று இருந்தது. மூலையில் சாய்ந்த மாதிரி ஒரு நாற்காலி, சுற்றிப் பச்சைத் திரை. சட்டையைக் கழற்றச் சொன்னார்கள். கல்யாணமான ஒன்பது வருஷமாகச் சொந்த வீட்டிலேயே பனியன் இல்லாமல் வெளித் திண்ணைக்கு வராதவன், பட்டனைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கழத்துங்க சார். கூச்சம் பாத்தா சோலி நடக்காது. நாங்க பாக்காத நெஞ்சா?" என்றார்கள் சிஸ்டர். கழற்றினான். ஏசிக் குளிரில் உடம்பெல்லாம் சிலிர்த்தது, இந்தக் குளிர்ந்த நெஞ்சிலா போடப் போகிறார்கள், கொஞ்சம் பொறுங்கள் சிஸ்டர், முதலில் நான் சூடாகிக்கொள்கிறேன் என்று சொல்ல நினைத்து இரண்டு உள்ளங்கையையும் பரபரவென்று தேய்த்து நெஞ்சில் வைத்துக்கொண்டான். சிஸ்டர் பெட்டியின் பக்கவாட்டுக் கதவைத் திறந்தார்கள். குல்லாய், காலுறை, இடுப்பில் ஒரு துணி, மூக்கில் குழாய், ஒரு பாதத்தில் சுற்றிய வயரின் நுனியில் சிவப்பு வெளிச்சம், அந்த வெளிச்சத்தில் பாதம் முழுவதும் செம்பருத்தி இதழ் மாதிரி ஒளி ஊடுருவித் தெரிந்தது. இரண்டு கையிலும் அள்ளி, தவளைக்குட்டி மாதிரிக் கால் மடக்கி, இவன் இடது நெஞ்சில் வைத்து, தலையை ஒருபக்கமாகத் திருப்பி, ஒரு துணியால் இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டினார்கள். "ஒரு கை பிட்டத்துக்கு அடியில. ஒரு கை முதுகுல. அவ்வளவுதான். ஒரு மணி நேரம் அசையாதிய."

எடையே இல்லை. ரெக்கார்டு நோட்டு இதைவிடக் கனக்கும். முதலில் எடை இல்லாமையும், அப்புறம் ஒரு குளிர்ச்சியும்தான் தெரிந்தன, கன்னம் பட்ட இடத்தில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்குக் குளிர்ச்சி. அது குறைந்துகொண்டே வந்தது. எப்போது குறைந்து தீர்ந்தது என்று பார்த்துக்கொண்டே இருந்தும் தெரியவில்லை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு, இவனிடமிருந்து அவளுக்கு, அம்புக்குறி ஒருபக்கமாகத்தான் போடுவான் கரும்பலகையில், இப்போது நெஞ்சில் சூடு வந்துகொண்டிருந்தது இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று புரியவில்லை. அவள் தோல் எங்கே முடிகிறது, இவன் தோல் எங்கே தொடங்குகிறது, நடுவில் வேர்வை கசிந்து அதையும் அழித்துவிட்டது. ஒரு விரல் அசைந்தது. நகம், நகம்கூட இருக்கிறதே, நெஞ்சு முடியை ஒரே ஒரு இழையைப் பற்றி இழுத்தது. வலித்தது. செண்பகம், வலிக்குதடி என்று மாடியைப் பார்த்துச் சொல்ல வேண்டும்போல இருந்தது. இந்தக் கூரைக்கு மேலே ஒரு கூரை, அதற்கு மேலே அவள், இரும்புக் கட்டிலில், ஜன்னல் பக்கம் திரும்பி. அவளும் இப்படித்தான் வயிற்றுக்குள் இவளை உணர்ந்தாளா, ஏழு மாதமும், இவன் சாவியைச் சுழற்றிக்கொண்டு வெளியே போனபோதெல்லாம். இது அவளுக்கு உரியது. என் நெஞ்சில் பால் இல்லை, இவள் வாயைக் குவித்துக் குவித்துத் தேடுகிறாள், ஒன்றும் கிடைக்காது கண்ணு, நான் வெறும் ஆம்பளை, வெறும் சூடு. குழந்தையின் இதயம் இவன் விலாவில் தட்டியது, மழைத்துளி தகரத்தில் விழும் வேகத்தில், நிமிஷத்துக்கு நூற்றைம்பது இருக்கும். இவனுடைய இதயம் அதன் பக்கத்தில் யானை நடப்பதுபோல. சத்தத்தில் விழித்துவிடுவாளோ. மூக்கு அரித்தது. கண்ணில் ஏதோ கோத்துக்கொண்டு விழவும் மாட்டாமல் நின்றது. அசையக் கூடாது, மாறக் கூடாது, நான் அசைந்தால் அவளுக்கு ஏதாவது ஆகும் என்று மூச்சைப் பாதிப் பாதியாக விட்டான். "சார், கல்லு மாதிரி இருக்கிய" என்றார்கள் சிஸ்டர் அந்தப் பக்கமிருந்து. "நல்லா இழுத்து மூச்சு விடுங்க. நீங்க விட்டாத்தான் அவளுக்கும் விடணும்னு ஞாபகம் வரும்." இவன் இழுத்து விட்டான். நெஞ்சு ஏறியது, அவளும் ஏறினாள். இறங்கியது, இறங்கினாள். ஒரு படகு மாதிரி. அந்த ஏற்ற இறக்கத்தில் எவ்வளவு நேரம் போயிற்றோ, கண் சொருகியதோ என்னவோ, ஒரு தடவை நெஞ்சு ஏறி இறங்கியபோது அதன் மேலே இருந்த சின்ன ஏற்ற இறக்கம் இல்லை.

இல்லை. முதலில் அமைதியாகத்தான் இருந்தது. நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று நினைத்தான். விரல் முடியை விட்டுவிட்டது. அப்புறம்தான் தலைமாட்டில் இருந்த மெஷின் கூவ ஆரம்பித்தது. தொண்ணூற்றிரண்டு என்று இருந்த ஆக்சிஜன் எண் எண்பத்தெட்டு, எண்பத்து நாலு. நாலு நாலாக, இதுவும் நாலு நாலாகவா. எண்பது. "சிஸ்டர்!" மரியபுஷ்பம் சிஸ்டர் எதிர் வரிசையில் வேறொரு பிள்ளைக்கு ஊசி ஏற்றிக்கொண்டிருந்தார்கள், கையை எடுக்க முடியாது, கழுத்தை மட்டும் திருப்பி, "தடவுங்க! முதுகத் தடவி விடுங்க!" என்றார்கள். யாரை என்று இவன் சுற்றிப் பார்த்தான். "நீங்கதான் சார்! தடவுங்க!" இரண்டு விரல்தான் அந்த முதுகுக்கு இடம் இருந்தது. இரண்டு விரலால் கழுத்திலிருந்து இடுப்புவரை தேய்த்தான். எலும்பு மணிமணியாகத் தட்டுப்பட்டது. கூப்பிட வேண்டும், எப்படிக் கூப்பிடுவது, பேர் வைக்கவில்லை, பேர் இல்லாத பிள்ளையை எப்படித் திரும்ப அழைப்பது. எழுபத்தாறு. "ஏட்டி" என்றான். தங்கையை அம்மா கூப்பிடுகிற வார்த்தை, இவன் வாயால் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "ஏட்டி, இங்க பாரு. ஏட்டி. மூச்சு விடுட்டி. ஒங்க அம்ம இன்னும் ஒன்னைப் பாக்கவே இல்லட்டி, விடு, இந்தா பாரு நான் விடுதேன்லா, இப்படி, இப்படி," என்று பெருமூச்சாக இழுத்து இழுத்து விட்டுக்கொண்டே தேய்த்தான். உள்ளே ஏதோ விக்கினாற்போல ஒரு உதறல். முழங்கால் இவன் வயிற்றில் ஒரு உதை உதைத்தது. அப்புறம் ஒரு மூச்சு. அப்புறம் இன்னொன்று. எண்பத்தொன்று, எண்பத்தெட்டு, தொண்ணூற்று நாலு. மெஷின் வாயை மூடிக்கொண்டது.

சிஸ்டர் கை கழுவிக்கொண்டு வந்து பார்த்தார்கள். குழந்தையின் நிறத்தைப் பார்த்தார்கள், அப்புறம் இவன் நிறத்தைப் பார்த்தார்கள்.

"இது ஒண்ணுமில்ல சார். மறதி. குறைமாசத்துப் பிள்ளைக எல்லாத்துக்கும் உண்டு, மூச்சு விட மறந்துரும். வளர வளர ஞாபகம் நிக்கும்."

"பெட்டிக்குள்ளயே வச்சிரலாமே சிஸ்டர். என்கிட்ட வந்ததுனாலதான..."

"பெட்டிக்குள்ள நேத்து ராத்திரி ரெண்டு தடவ மறந்தா. ஒங்ககிட்ட சொல்லல, அவ்வளவுதான்." வெப்பமானியைக் குழந்தையின் அக்குளில் செருகிப் பார்த்தார்கள். "முப்பத்தாறு எட்டு. காலையில பெட்டியில முப்பத்தாறு அஞ்சுதான். மெஷினை விட நீங்க நல்லாத்தான் வேலை பாக்கிய. அழுதா அழுதுக்கிடுங்க, ஆனா மேல சிந்தாம."

மீதி நேரம் முழுவதும் இவன் அவள் மூச்சை எண்ணிக்கொண்டே இருந்தான், அவள் தூங்கிக்கொண்டே இருந்தாள். எதுவும் மாறாது என்று கொள்ள முடியவில்லை. மாறிவிட்டது, எவ்வளவு என்று அளக்கத்தான் தெரியவில்லை. இதை மேலே போய்ச் சொல்வதா. மூச்சு நின்றதைச் சொல்லக் கூடாது, அதை விட்டுவிட்டு மற்றதைச் சொல்லலாம், மற்றதை எப்படிச் சொல்வது, நான் வைத்திருந்தேன் என்று எந்த வாயால். காய்ச்சல் விட்டதும் அவளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள், மடியில் போடுவார்கள், அவள் நான்தான் முதலில் என்று நினைத்துக்கொள்வாள், நினைத்துக்கொள்ளட்டுமே, சிஸ்டரிடம் சொல்லி வைத்துவிடலாம், யாரும் சொல்ல மாட்டார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் இவன் பக்கத்தில் நின்று, புதிதாகப் பார்க்கிறவனைப்போல முகத்தை வைத்துக்கொள்ள வேண்டும். ஆயுசு முழுவதும் வைத்துக்கொள்ள வேண்டும். முடியுமா. இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு அவளிடமிருந்து அந்தப் பக்கமாக நிற்க முடியுமா. முடியாது என்று தோன்றியது, முடியும் என்று தோன்றியது, சொன்னால் அழுவாள் என்று தோன்றியது, சொல்லாவிட்டால் இவன் அழுவான் என்று தோன்றியது, அதற்குள் பதினொன்றரை ஆகிவிட்டது. சிஸ்டர் கட்டை அவிழ்த்து எடுத்தார்கள். வேர்வையில் ஒட்டியிருந்த கன்னம் மெல்லப் பிரிந்தபோது, சின்னதாக ஒரு சத்தம் கேட்டது. அவள் இருந்த இடம் மட்டும் ஏசிக் காற்றில் குளிர்ந்தது, தலை, முதுகு, மடக்கிய கால், அப்படியே அந்த வடிவத்துக்கு. சட்டையைப் போட்டுப் பட்டனை மேலிருந்து கீழ்வரை பூட்டிக்கொண்டு படி ஏறினான்.

செண்பகவல்லி தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்து வெடித்திருந்தது. பக்கத்துக் கட்டில்காரி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், எதிர்க் கட்டிலில் நாலு பேர் கூடிச் சோற்றுத் தூக்கைத் திறந்துகொண்டிருந்தார்கள்.

"இவ்வளவு நேரம் எங்க போனிய? எப்படி இருக்கா?"

நல்லா இருக்கா என்று வாய் வரை வந்தது. இவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான்.

"ஆயிரத்து நூத்திப் பத்து ஆயிட்டா" என்றான். "வெளிய எடுத்து... என் நெஞ்சுல போட்டாவ. ஒரு மணி நேரம். உடம்போட வச்சிருந்தாத் தேறுமாம். நேத்தே சொல்லிட்டாவ, நான்தான் ஒங்கிட்டச் சொல்லல. நீதான் முதல்ல வச்சிருக்கணும். காலையில கேட்டப்பவும் பொய் சொல்லிட்டேன். நடுவுல ஒரு தடவ மூச்சு விட மறந்துட்டா செண்பகம், தடவுனேன், விட்டுட்டா, இப்ப நல்லாத்தான்..." சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததெல்லாம் வரிசை தப்பி வந்துவிட்டது.

அவள் இவன் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சட்டையைப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று இவன் காத்திருந்தான். திட்டப் போகிறாள் என்று காத்திருந்தான்.

"எந்தப் பக்கம்?" என்றாள்.

"என்னது?"

"எந்தப் பக்கம் படுத்திருந்தா?"

இவன் இடது நெஞ்சைத் தொட்டுக் காட்டினான். அவள் கையை நீட்டி முதல் பட்டனைக் கழற்றினாள். இரண்டாவதைக் கழற்றினாள். பகல் வெளிச்சம், சுற்றிலும் ஆட்கள், ஆரஞ்சு உரித்தவள் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தாள். இவன் தடுக்கவில்லை. மூன்றாவதையும் கழற்றிவிட்டு, வயிற்றுத் தையலை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, செண்பகவல்லி மெதுவாகச் சாய்ந்து இவன் நெஞ்சில் கன்னத்தை வைத்தாள். காய்ச்சல் கன்னம் கொதித்தது. கண்ணை மூடிக்கொண்டு மூச்சை ஆழமாக இழுத்தாள், இழுத்ததை விடாமல் வைத்திருந்தாள்.

அவள் தலைக்கு அடியில் கையைக் கொடுத்து, இரண்டு விரல் அளவுக்கு மேலே நகர்த்தி வைத்தான்.

"தலை இங்க இருந்துச்சு" என்றான்.